கல்லுக்கு நேரே

தன்னுடைய சாணை மெசினுக்கு நேரே அவர் எவரையும் நிற்க விட்டதில்லை. நாயைக்கூட விட்டதில்லை. வாசலில் வந்து படுக்கிற சந்தி நாயைக் காலால் மெல்லத் தள்ளி ஓரத்துக்கு நகர்த்திய பிறகுதான் சுவிச்சில் கை வைப்பார். அவருடைய பக்கத்துக் கடையில் எட்டு வருடம் தையல் மெசின் மிதித்தவன் நான். அந்த எட்டு வருடத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆளை, அவர் அங்கே நிற்க விட்டார். அந்த நாளைப் பற்றி இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே போகிற வீதியில் இருந்தது எங்கள் சந்தி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. எங்கள் இரண்டு கடைகளும் ஒரே கூரையின் கீழ், நடுவில் ஒரு பலகைச் சுவரோடு இருந்தன. பலகைக்குப் பலகை விரல் நுழைகிற இடைவெளி. அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் நூலைப் பல்லால் கடித்தால் அவருக்குக் கேட்கும் என்று பகிடி விடுவார்.

அவருடைய மெசின் ஒரு தடித்த மேசையில் நான்கு நட்டுப் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. இடது பக்கம் கரடான கல், வலது பக்கம் மென்மையான கல். மெசினுக்கு முன்னால் தரையில், மேசையிலிருந்து வாசல் வரைக்கும், மஞ்சள் பெயின்ற்றால் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். அந்தக் கோடுகளுக்கு நடுவே கால் வைக்கக்கூடாது. தலையைக் குனிந்து வேலை செய்கிறவர் என்பதால் வருகிறவர்களின் முகத்தை விடக் கால்களைத்தான் முதலில் பார்ப்பார். “கால எடுங்க. கல்லுக்கு நேரே நிக்காதீங்க. அங்கால நில்லுங்க.” ஒரு நாளைக்கு நாற்பது தரமாவது அந்தச் சத்தம் பலகை வழியாக வரும்.

வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து தோணியில் வருகிற வயல்காரர்கள் கதிர் வெட்டுகிற தாக்கத்தி, கோடாலி, மண்வெட்டியோடு வருவார்கள். பெரியகல்லாற்றுப் பக்கமிருந்து மீன் கத்திகள் வரும். சந்திச் சலூன்காரர் கத்தரிக்கோல் கொண்டுவருவார். எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். நானும் செய்தேன். என்னுடைய பெரிய கத்தரிக்கோலோடு போகிற ஒவ்வொரு முறையும் அவர் முதலில் பார்ப்பது என் கழுத்தைத்தான்.

“நாடாவக் கழட்டிப்போட்டு வாங்க தம்பி.”

“நான் தூரத்திலதானே அண்ணே நிக்கிறன்.”

“அது சுத்தத் தொடங்கினா தூரம் கிட்ட எண்டில்ல. கழட்டுங்க.”

அளவு நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் கத்தரிக்கோலை வாங்குவார். பெண்கள் வந்தால் முந்தானையைச் செருகச் சொல்லுவார். அவர் சாறன் உடுத்து வேலை செய்ததே இல்லை. அரைக்காற்சட்டை, கை வெட்டிய சேட்டு, காது வரைக்கும் மறைக்கிற கண்ணாடி. கையுறை போடமாட்டார். ஒருமுறை யாரோ வெளிநாட்டிலிருந்து வந்தவர் நல்ல தோல் கையுறை ஒரு சோடி கொடுத்தார். “கையுறையக் கல்லு பிடிச்சா, அதுக்குள்ள இருக்கிற கையையும் சேத்துத்தான் இழுக்கும்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புதுக் கல் வாங்கினால் அவர் செய்கிற ஒரு காரியத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கல்லின் நடு ஓட்டையில் ஒரு விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து, திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டுவார். ஒரு பக்கம் தட்டி, கொஞ்சம் சுற்றி, மறுபக்கம் தட்டிக் காது கொடுப்பார். நல்ல கல் கோயில் மணி போல ணங் என்று நீண்டு சொல்லும். உள்ளே வெடிப்பு இருந்தால் டொக் என்று அந்த இடத்திலேயே செத்துப்போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டொக் என்ற கல்லை அவர் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்ததுமில்லை, குப்பையில் போட்டதுமில்லை. உடனே முற்றத்தில் வைத்துச் சுத்தியலால் நொறுக்கி, துண்டுகளைச் சாக்கில் கட்டி வாவியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார். “முழுசா விட்டா ஆரும் எடுத்துப் பூட்டிருவான்.”

நல்ல கல்லைப் பூட்டினாலும் உடனே வேலை தொடங்கமாட்டார். சுவிச்சைப் போட்டுவிட்டு ஓரமாக நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓட விடுவார். வெடிக்கிற கல் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வெடித்துவிடும் என்று சொல்லுவார். அந்த நிமிடத்தில் அவருடைய உதடு அசையும். முதலில் மந்திரம் என்று நினைத்தேன். அறுபது வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைதான் சொன்னார். இளவயதில் ஒரு மரம் அரிகிற ஆலையில் வாள் தீட்டுகிற வேலை. ஒரு நாள் கல் வெடித்தது. மெசினில் நின்ற இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. முன்னால் நின்ற ஒருவன் விழுந்தான். “அவன் ஒரு வேலைக்கும் வரல்ல தம்பி. பீடி பத்த வைக்க நெருப்புப் பெட்டி இருக்கா எண்டு கேக்க வந்தவன். கேட்டு முடிக்கல்ல.” இவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் நாடாவைக் கழற்றச் சொன்னால் நான் பேசாமல் கழற்றினேன்.

அவர் துணிச்சலான மனிதர் இல்லை. வீதியில் ஆமி வாகனம் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, அது போய்ச் சேரும் வரைக்கும் நிற்பார். ஆனால் அந்தக் கோட்டு விஷயத்தில் மட்டும் வேறு மனிதராக இருந்தார். சந்தி முகாமிலிருந்து இரண்டு சிப்பாய்கள் குசினிக் கத்திகளைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் துவக்கோடு கோடுகளுக்கு நடுவே வந்து நின்றான். இவர் சைகை காட்டினார். அவன் நகரவில்லை. நான் பலகை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் மேசையைச் சுற்றி வந்து, அந்தப் பொடியனின் இரண்டு தோளையும் பிடித்து, அலுமாரியை நகர்த்துவது போல ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். சிப்பாயின் கை துவக்கில் இறுகியது. மற்றவன் தரையிலிருந்த கோடுகளையும் சுற்றப்போகிற கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். பிறகு இருவரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு இவர் வெளியே வந்து வாசல் கட்டையில் இருந்தார். அன்று மத்தியானம் வரைக்கும் மெசினைத் திரும்பப் போடவில்லை.

அவருக்கு ஒரே மகன். பத்தொன்பது வயது. கடைக்குள் அவனை விடவே மாட்டார். சாப்பாடு கொண்டுவந்தால்கூட என் கடையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். “அவன்ட கை பேனை பிடிக்கிற கை” என்பார். அந்தப் பிள்ளை என் கடை வாசலில் நின்று, பலகை இடுக்கால் தீப்பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவ்வளவுதான் அவன் அந்த மெசினை நெருங்கியது.

ஆமியின் சுற்றிவளைப்பு ஒரு விடியற்காலையில் நடந்தது. ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று. வெயில் ஏறும் வரைக்கும் இருக்க வைத்துவிட்டு, பிறகு வரிசையாக எழுந்து ஒரு ஜீப்பைக் கடந்து போகச் சொன்னார்கள். ஜீப்பின் பக்கத்தில் ஒருவன் நின்றான். தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சாக்குக்குக் கீழே ஒரு பழைய சாறன், அதற்குக் கீழே வெறுங்கால். அந்தத் தலை அசைந்தால், கடந்து போகிற ஆளை லொறியில் ஏற்றினார்கள்.

என் முறை வந்தது. சாக்குக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. துணி வாய்ப்பக்கம் உள்ளே போய் வெளியே வந்தது. அந்தத் தலை என்னை நிறைய நேரம் பார்த்தது. அசையவில்லை. “போ” என்றார்கள். போனேன். எனக்குப் பின்னால் அவருடைய மகன், அவனுக்குப் பின்னால் அவர். நான் திரும்பிப் பார்க்கவில்லை. லொறியின் பின் கதவு அடிபடுகிற சத்தத்துக்குத்தான் திரும்பினேன். மகன் உள்ளே இருந்தான். அவர் வெறும் கையை முன்னால் நீட்டியபடி நின்றார்.

அதற்குப் பிறகு அவரும், நான் அக்கா என்று கூப்பிடுகிற அவருடைய மனைவியும் ஏறி இறங்காத முகாம் இல்லை. அக்கா ஒரு பிளாஸ்டிக் பையில் மகனுடைய அடையாள அட்டைப் பிரதியும் ஒரு படமும் வைத்துக்கொண்டு காலையில் முதல் பஸ்ஸுக்குப் போவார். எல்லா இடத்திலும் ஒரே பதில். அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை.

கடையைத் திறந்த முதல் நாள், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, சாக்குப் போட்டு நிண்டவன்ட காலப் பாத்தீங்களா?”

“இல்லண்ணே. எனக்கு அந்த நேரம் ஒண்டும் தெரியல்ல.”

“இடது கால் பெருவிரல் நகம் ரெண்டாப் பிளந்து கிடந்தது. நடுவில கோடு.”

எனக்குப் புரிந்தது. அப்படி ஒரு நகம் உள்ள ஒருவனை எங்கள் இருவருக்கும் தெரியும். சந்தியில் மீன் வெட்டிக்கொடுக்கிறவன். கிழமைக்கு ஒரு தரம் கத்தியைக் கொண்டுவருவான். முன்பொரு நாள் கத்தி கை தவறி விழுந்து விரலைப் பிளந்துவிட்டது. “நீங்க தீட்டித் தந்த கத்திதான் அண்ணே, பாருங்க எப்பிடி வெட்டியிருக்கு” என்று காலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தவன். ஒவ்வொரு முறையும் மறந்துபோய்க் கோட்டுக்குள் வந்து நின்று, ஒவ்வொரு முறையும் ஏச்சு வாங்கி நகருகிறவன். சுற்றிவளைப்புக்கு மூன்று கிழமைக்கு முன்னால் அவனை ஆமிச் சென்றியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். அதற்குப் பிறகு எவரும் அவனைக் காணவில்லை.

“அப்பிடி நகம் எத்தின பேருக்கு இருக்கும் அண்ணே” என்றேன்.

“இருக்கும்” என்றார். ஒரு கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, “அவனுக்கும் அடிச்சிருப்பாங்க” என்றார். பிறகு மெசின் ஓடத் தொடங்கியது.

அந்த மாரி தொடங்குமுன் டவுனிலிருந்து இரண்டு புதுக் கல் வந்தது. கரண்ட் இல்லாத நேரம், சந்தி அமைதியாக இருந்தது. அவர் தட்டுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. முதல் கல் ணங் என்றது. இரண்டாவது டொக். தையலை நிறுத்திவிட்டுச் சுத்தியல் சத்தத்துக்குக் காத்திருந்தேன். கேட்கவில்லை. மறுபடியும் தட்டிப் பார்த்தார். டொக். பிறகு அலுமாரிக் கதவு சாத்துகிற சத்தம்.

அன்றைக்கே போய்க் கேட்டிருக்கலாம். நாளைக்கு உடைப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நினைக்காமல் இருக்கப் பழகினேன்.

மீன் வெட்டுகிறவன் திரும்பி வந்தது தை மாதம் போல. பாதி ஆளாகிப் போயிருந்தான். சந்தியில் எவரும் அவனோடு கதைக்கவில்லை. ஒரு முன்மதியம், கரண்ட் வந்து கொஞ்ச நேரத்தில், துருப்பிடித்த கத்தியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அவருடைய கடைக்குப் போனான். நான் அப்போதுதான் என் கத்தரிக்கோலோடு வந்து உள்ளே ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

அவன் வந்து கோடுகளுக்கு நடுவே நின்றான். இடது காலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“மகனப் பத்தி ஏதும் தெரிய வந்ததா அண்ணே?” என்று கேட்டான்.

“இன்னும் இல்ல.”

“வருவான் அண்ணே.”

 அவர் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கல்ல மாத்தோணும். நில்லு” என்றார். அலுமாரியைத் திறந்து ஒரு கல்லை எடுத்தார். பிளக்கைக் கழற்றினார். இரும்பு மூடியைக் கழற்றினார். பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல்லைப் போட்டு நட்டை இறுக்கினார். அவர் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. மூடியைத் திரும்பப் பூட்டவும் இல்லை. அது மேசையில் கிடந்தது.

எனக்கு எல்லாம் தெரிந்தது. எந்தக் கல் என்று தெரிந்தது. அவர் என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்தது. என் கழுத்தில் நாடா கிடந்தது. முதல் தடவையாக அவர் அதைக் கழற்றச் சொல்லவில்லை.

பிளக்கைச் சொருகி, ஓரமாக விலகி நின்று, சுவிச்சைப் போட்டார். கல் முனகித் தொடங்கி, வேகம் பிடித்து, சீராக இரைந்தது. நான் இரண்டு அடி பின்னால் போனேன். அதை நான் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் கால்கள் தாங்களாகவே என்னைக் காப்பாற்றிக்கொண்டன. வாய் திறக்கவில்லை. “தம்பி, அங்கால வாங்க” என்று மூன்று சொல் போதும். அந்த மைதானத்தில் ஒரு தலை அசையாமல் இருந்ததால் உயிரோடு இருக்கிறவன் நான். அந்தத் தலை இவனுடையதாக இருந்தால் என்னை விட்டவனும் இவன்தான். அப்படியும் பேசாமல் நின்றேன்.

அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. நானும் எண்ணினேன். மீன் வெட்டுகிறவன் கையைக் கட்டிக்கொண்டு, சுற்றுகிற கல்லையே பார்த்தபடி நின்றான். நகரவில்லை. நாற்பது, நாற்பத்தொன்று. வெளியே ஒரு லொறி போனது. ஐம்பது. அறுபது. அவருடைய உதடு அறுபதுக்குப் பிறகும் அசைந்தது. எண்பது வரைக்கும் எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கல் வெடிக்கவில்லை.

“அங்கால போ” என்றார். கரகரத்த குரல், அவருடைய குரல் மாதிரியே இல்லை. அவன் ஓரத்துக்குப் போனான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எப்போதும் கல்லுக்கு ஒரு பக்கம் சாய்ந்து நின்று வேலை செய்கிறவர், அன்று அதற்கு நேரே போய், நெஞ்சு கல்லுக்கு எதிராக நிற்க, அந்தக் கத்தியைத் தீட்டினார். அவசரப்படவில்லை. ஒரு பக்கம் தீட்டி, தண்ணீர் டின்னில் தோய்த்து, மறுபக்கம் தீட்டினார். தீப்பொறி அவருடைய வெறும் முகத்தில் போய் அடித்தது. இமைக்கவில்லை. “அண்ணே” என்றேன் நான். அவருக்கு என்றபோது மட்டும் என் வாய் திறந்தது. அவர் கேட்கவில்லை. கேட்டாரோ தெரியாது.

அப்போதும் கல் வெடிக்கவில்லை.

கத்தியைத் துடைத்து, அதே பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். ஏதோ சொல்ல வந்தது போல நின்றான். பிறகு போய்விட்டான்.

அவர் சுவிச்சை நிறுத்தி, கல் ஓய்ந்து நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்து, அதைக் கழற்றி, முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தியலால் அடித்தார். ஒரே அடியில் நாலாகப் பிரிந்தது. வெகுநேரம் அதன் முன்னால் குந்தியிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன். திரும்பாமல் கேட்டார்:

“நீங்க ஏன் தம்பி அவனுக்குச் சொல்லல்ல?”

“நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்தன் அண்ணே.”

“நீங்க சொல்லுவீங்க எண்டு நான் பாத்தன்” என்றார்.

அடுத்த நாளும் கடையைத் திறந்தார். அதற்குப் பிறகும் எவரையும் கல்லுக்கு நேரே நிற்க விடவில்லை. ஆனால் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார். எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். குழந்தையைக் கூட்டிப்போவது போல. சிலருக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. வருகிறவர்கள் குறைந்தார்கள்.

மகன் வரவில்லை. மீன் வெட்டுகிறவனை அடுத்த வருடம் வாவிக்கரையில் சுட்டுப் போட்டிருந்தார்கள். யார் என்று ஊருக்குத் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. அந்த மரணவீட்டுக்குச் சந்தியிலிருந்து போன ஒரே ஆள் அவர்தான். கடையைச் சாத்திவிட்டு, வெள்ளை வேட்டி உடுத்து, நடந்து போனார்.

பிறகு என் கடையும் போனது. மனைவியின் ஊரான வவுணதீவுக்குப் போய் வயல் செய்யத் தொடங்கினேன். அவரைக் கடைசியாகக் கண்டது டவுனில், ஆஸ்பத்திரி வார்ட்டில். அக்கா சாப்பாடு எடுக்கப் போயிருந்தார். கண்கள் இரண்டிலும் பூ விழுந்திருந்தது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டார். வயலைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். 

“அவனுக்குத் தெரியும் தம்பி” என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை.

“எத்தின தரம் ஏசியிருப்பன். சந்தியில ஆருக்குத் தெரியாட்டியும் அவனுக்குத் தெரியும், எங்க நிக்கப்படாது எண்டு. தெரிஞ்சுதான் வந்து நிண்டவன். நான் சொல்லுறனோ இல்லையோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டவன்.”

“அப்பிடி இருக்காதண்ணே.”

“அவன் என்னவோ சொல்ல வந்தவன். கேட்டிருக்கலாம். ரெண்டு பேர் இருந்தம். ஒரு ஆளாவது, என்ன மகனே எண்டு கேட்டிருக்கலாம்.”

அவருடைய கை போர்வைக்கு மேலே என் கையைத் தேடியது. பிடித்துக்கொண்டேன். சுருங்கி, காய்ச்சுப்போன அந்தக் கை என் கையை விடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அண்ணே என்று சொல்லி எழுந்தேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.